எதிர்க்கரை வாசம்

"திருப்பாதீங்க" என்றாள் அவள்.

அவர் படகைத் திருப்பப்போகிற சமயம். மிதவை கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வந்துவிட்டால் கோப்பை அவருக்கு.

போட்டியில் மூன்றே படகுகள். ஒன்று கிளம்பியதுமே கோரைப்புல்லில் மாட்டிக்கொண்டது. இன்னொன்றில் இருந்தவர்கள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள்.

ஆனாலும் வெற்றி வெற்றிதானே.

ஞாயிற்றுக்கிழமைப் பாய்ப்படகுச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்; கமடோர் என்று பட்டம். தொப்பியில் தங்க நூலில் நங்கூரம். ஏரியில் கழுத்தளவுத் தண்ணீர். கரையோரம் எருமைகள் குளித்துக்கொண்டிருந்தன.

"தலையைக் குனி, கோமு. பாய்க்கட்டை திரும்பும்போது இடிக்கும்."

அவள் குனியவில்லை. காற்று வரும் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"என்னவோ வருதுங்க."

"என்ன வருது?"

"வாசனை."

அவர் கையில் கயிறு அப்படியே நின்றது.

போன ஆடியில் வந்த காய்ச்சல், போகும்போது அவள் மூக்கையும் எடுத்துக்கொண்டு போயிற்று. காப்பி வெறும் சூடு. ரசம் வெறும் ஈரம். அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்கும், பக்கத்திலேயே நின்று வெண்டைக்காய் நறுக்குவாள்.

ஒருநாள் பேத்தியைத் தூக்கி உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு மகளிடமே கொடுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் கேட்டு வாங்கவில்லை.

வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். சில சமயம் இல்லாத வாசனைகூட வருகிற மாதிரி இருக்கும், நம்பிவிடாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார்.

வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறாள் என்று இன்றைக்குக் கூட்டி வந்திருந்தார். படகு சாயாமல் இருக்க எடைக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். தண்ணீர். பாசி. தன் வேர்வை. வேறொன்றுமில்லை.

உலகத்தில் எதைப் பற்றியும் கருத்து வைத்திருக்கிற மனிதர். வாயைத் திறக்கப் பயந்தார்.

"அங்கே போங்க" என்று அவள் கை நீட்டினாள். காற்று வரும் திசை. எதிர்க்கரை.

பாய்ப்படகு எங்கே வேண்டுமானாலும் போகும். காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கே மட்டும் நேராகப் போகாது. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று கோணல்மாணலாகத்தான் ஏற வேண்டும். இதைப் பற்றிச் சங்கத்தில் அவர் நீண்ட உரை ஆற்றியதுண்டு. கேட்டவர்கள் பாதியில் காப்பிக்கு எழுந்துபோனார்கள்.

இப்போது உரை எதுவும் இல்லை. மிதவையை விட்டுவிட்டுச் சுக்கானைத் தள்ளினார்.

பின்னால் விசில் ஊதினார்கள். கமடோருக்கே வழி தெரியலப்பா என்று யாரோ கத்திச் சிரித்தார்.

படகு இடப்பக்கமாகப் போயிற்று.

"போயிடுச்சுங்க" என்றாள்.

வலப்பக்கம் திருப்பினார். பாய் படபடத்து, பிறகு நிறைந்தது. கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை.

அவள் கை மெல்ல மேலே எழுந்தது.

இறங்கியது.

மறுபடி திருப்பினார். பாதி தூரத்தில் மறுபடி கை எழுந்தது.

அப்போதுதான் எதிர்க்கரையைப் பார்த்தார். ஒரு குடிசை. அதன் வாசலில் நூல் மாதிரி புகை. அவள் கை எழுகிற ஒவ்வொரு தடவையும் படகு அந்தப் புகைக்கு நேராக இருந்தது.

அவள் கண் மூடியே இருந்தது.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். ஏன் கழற்றினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

ஏரி பூராவும் வெயில். தண்ணீரை உரசிக்கொண்டு காற்று வந்தபடியே இருந்தது. இத்தனை வருஷமாக அதைப் பாயில் பிடித்து, கட்டி, அளந்து வைத்திருப்பதாகத்தான் நினைத்திருந்தார். அதற்குள் ஓர் ஒற்றையடிப் பாதை ஓடியது. அவள் மட்டும் அதைக் கண்டுகொண்டிருந்தாள். அவர் அதைக் குறுக்கே குறுக்கே வெட்டிக்கொண்டு போனார்.

"என்ன வாசனைன்னு தெரியுதா?" குரல் சன்னமாக வந்தது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சொன்னா வைவீங்க."

அடுத்த திருப்பத்தில் அவருக்கும் வந்தது.

கருவாடு.

மூன்று தலைமுறையாக முட்டைகூட நுழையாத குடும்பம். கீழ்வீட்டில் நெத்திலி வறுத்தார்கள் என்பதற்காகக் குடியிருப்புச் சங்கத்தைக் கூட்டி, சுத்தமான காற்று மனிதனின் பிறப்புரிமை என்று முழங்கியவர் அவர். கை தட்டினார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள்.

அதே நாற்றம். மிச்சம் மீதி இல்லாமல் முழுசாக.

அவள் மூச்சை இழுத்தாள். விட மனமில்லாமல் விட்டாள். மறுபடி இழுத்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. மூடிய இமைகளின் ஓரத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

படகு சேற்றில் இடித்து நின்றது.

அடுப்பின் முன் குந்தியிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைவெளேரென்று ஒரு பாய். நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர். பக்கத்தில் அழுகிற அம்மா.

அவளுக்குப் புரிந்துபோயிற்று. அவசரமாகப் பழந்துணியை எடுத்துச் சட்டியைப் பிடித்தாள்.

"நாத்தம் தாங்கலையா சார்? இதோ, இறக்கிடறேன்."

"வேண்டாம்மா" என்றார் அவர். "இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் போடுங்க."