சுற்றிப் போகும் ஊசி

மூளை அறுவை சிகிச்சையில் கட்டி, ரத்தக்குழாய்களைத் தொடாமல் வளைந்து போகும் ஊசி ரோபோவைச் சோதிக்க, அந்த மெல்பர்ன் ஆய்வகத்தில் ஊழியர்களின் தலை ஸ்கேனை வைத்தே அச்சு செய்து, ஜெல்லியால் மாதிரி மூளை ஊற்றுவார்கள். இந்த வாரம் அங்கே வேலை பார்க்கும் டெஸ்ஸாவின் மூளை. நேராகப் போகச் சொல்லியும், இடது காதுக்குப் பின்னால் ஊசி எதையோ சுற்றிக்கொண்டு போனது. ஜெல்லியில் ஒன்றுமே இல்லை. அச்சுக்காகப் போன கோடையில் எடுத்த ஸ்கேனிலும் இல்லை.

"மண்டைக்குள்ள என்னம்மா வச்சிருக்க, வெஜிமைட்டா?" என்று, ரொட்டியில் தடவும் கறுப்புப் பசையைச் சொல்லிச் சிரித்தான் உடன் வேலை பார்க்கும் லாக்லன்.

அவனுடைய மூளையை ஊற்றிப் பார்த்தார்கள். ஊசி நேராகப் போனது.

மறுநாள் புது ஜெல்லியில் மறுபடி டெஸ்ஸாவின் மூளை. ஊசி அதே இடத்தில் வளைந்தது. சுற்று நேற்றையதைவிடப் பெரிதாக இருந்தது.

லாக்லன் அடுத்த ஜெல்லியைக் கலக்கப் போனான்.

"வேணாம்டா," என்றாள், காதுக்குப் பின்னால் கையை அழுத்தியபடி. "இனிமே என் தலைய ஊத்தாத. அது எவ்ளோ பெருசாச்சுன்னு எனக்குத் தெரிய வேணாம்."