மூன்றாவது விசில்

மேகலாவுக்கு ஏடிஎச்டி என்னும் கவனச்சிதறல் நிலை இருப்பதை முப்பத்திரண்டு வயதில்தான் மருத்துவர் கண்டுபிடித்தார். தனியாக இருந்தாள். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு அலமாரியை அடுக்கப் போவாள். பாதியில் ஒரு புத்தகத்தைத் திறந்தால் அடுப்பு மறந்துபோகும். இரண்டு முறை சாதம் கருகி வீடெல்லாம் புகையானபின், பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா விசிலை எண்ணத் தொடங்கினார். மூன்றாவது விசிலுக்குச் சுவரைத் தட்டி, “மேகலா, எறக்கு!” என்று கத்துவார். ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், படித்துக்கொண்டிருந்த மேகலா சட்டென்று நிமிர்ந்தாள். எத்தனையோ விசில் வந்துவிட்டது. அக்கா தட்டவே இல்லை. செருப்புகூடப் போடாமல் அக்கா வீட்டுக்கு ஓடினாள். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. குளியலறை வாசலில் அக்கா வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார். மேகலா ஆம்புலன்ஸை அழைத்து, முகவரியைத் தப்பில்லாமல் சொல்லி, அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கத்திப் பாத்தேன்டி, சத்தமே வரல. ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நீங்க தட்டலியேன்னுதான் ஓடி வந்தேன்க்கா.”

அக்காவின் கண் நிறைந்தது. மேகலாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அது சரி, அடுப்ப அணைச்சியா?”