இருபதடி தூரத்து அழகு

“மொத வரியே தப்புண்ணே,” என்றாள் கண் சோதிக்கும் பெண், கையிலிருந்த விடை அட்டையைப் பார்த்தபடி.

பஸ் டிரைவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

கண் சரி என்று இன்று கையெழுத்து வாங்காவிட்டால் நாளையிலிருந்து ஸ்டியரிங் கிடையாது. டெப்போ வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியதுதான்.

இருபதடி தள்ளி, சுவரில் புதுப் பலகை.

அதிலிருக்கும் எழுத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஒயிலாகச் சாய்ந்து நிற்கும். ஒரு கோடு தலையணை போலப் பருத்திருக்கும், அடுத்த கோடு தலைமுடி போல இளைத்திருக்கும். நுனிக்கு நுனி ஊசி மாதிரி குட்டிப் பாதம் வேறு.

இந்த மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியின் சின்ன மருமகள் தேர்ந்தெடுத்தது. பழைய பலகையின் தடித்த எழுத்தைப் பார்த்தால் சிமெண்ட் மூட்டை ஞாபகம் வருகிறதாம் அவளுக்கு. வாசலில், ரசீதில், கழிப்பறைக் கதவில், எங்கும் இப்போது இதே எழுத்துதான். கழிப்பறைக்குப் போகிறவர்கள் இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே போய்க்கொள்ளலாம் என்று திரும்பிவிடுகிறார்கள்.

மூன்று மாதமாகக் கண் சோதனையில் ஒருவரும் தேறவில்லை. மூக்குக்கண்ணாடி அமோகமாக விற்கிறது. மருமகள் கைராசிக்காரி என்று முதலாளி வாய் ஓயாமல் சொல்கிறார்.

தோற்றவர்களும் சண்டைக்கு வருவதில்லை. எழுத்து என்னவோ அழகாகத்தான் இருக்கிறது, பாழாய்ப்போன நம் கண்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டு ஃப்ரேம் பார்க்கப் போய்விடுகிறார்கள், பாவம்.

“இன்னொரு தடவ படிக்கட்டுமா தங்கச்சி?”

“படிங்கண்ணே, யாரு வேணாங்கறா. போன வாரம் ஒரு பைலட் வந்தாரு. அவரே சோடாபுட்டி போட்டுக்கிட்டுத்தான் போனாரு.”

டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணைக் கொஞ்சம் இடுக்கினார்.

முதல் வரியில் தொடங்கி, கடைசி வரியின் எறும்பளவு எழுத்துவரை ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கும் தடங்கல் இல்லை.

அட்டையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் வாயைப் பிளந்தாள்.

“கழுகுக் கண்ணுண்ணே உங்களுக்கு,” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இந்தத் தடவை அவர் பலகையைப் பார்க்கவே இல்லை.

அவள் முதுகுக்குப் பின்னால், ஃப்ரேம் மாட்டி அழகு பார்க்கிற நிலைக்கண்ணாடி. அவள் கையிலிருந்த அட்டை அதில் இடவலம் மாறித் தெரிந்தது. பின்னால் வருகிற வண்டியின் பெயரைக் கண்ணாடியிலேயே படித்து இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவருக்கு அதெல்லாம் ஒரு வேலையா?

அட்டையில் இருந்தது பழைய பலகையின் விடை.

இந்தச் சாய்ந்த எழுத்துக்கு வால் இருந்தால்தான் எடுப்பு என்று, க்யூ, ஆர், கே என வால் வீசுகிறவற்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் தூக்கிவிட்டாள் சின்ன மருமகள். அட்டையை மாற்றச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. பலகையைத் திரும்பிப் பார்க்கச் சோதிக்கிறவளுக்கும் தோன்றவில்லை.

முதல் தடவையும் டிரைவர் சரியாகத்தான் படித்திருந்தார்.