எட்டு மாத விவாதம்

பேச்சு நின்றுபோன நோயாளிகள் கண்ணசைவாலேயே பேச உதவும் இலவச மென்பொருள் அது; எழுதி முடித்தாயிற்று. எல்லா வகைக் கணினியிலும் ஓடும்படி அதைத் தயாரிக்க எந்தக் கருவியை எடுப்பது என்று குழுவினர் எட்டு மாதமாக மல்லுக்கு நின்றார்கள். இன்றுதான் ஓட்டெடுப்பு முடிந்தது.

"ஒருவழியா நான் சொன்ன கருவியே ஜெயிச்சிடுச்சு தாடி" என்றார் குழுத் தலைவர்.

"நானூறு மெயில் போட்டுக் கழுத்தறுத்தா எவன்தான் விட்டுக்கொடுக்க மாட்டான் தலைவரே?" என்றான் எதிரே இருந்த தாடிக்காரன்.

தலைவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். அப்பாவின் பழைய கணினிக்கு அந்த மென்பொருள் எப்போது கிடைக்கும் என்று வாராவாரம் விசாரிக்கும் பெண்ணுக்கு நல்ல செய்தி சொல்ல வேண்டும்.

"கருவி முடிவாயிடுச்சும்மா. எல்லாத்தையும் அதுக்கு மாத்த ஆறு மாசம். அப்புறம் அப்பா உங்ககூடப் பேசலாம்."

"அப்பா போய் நாலு மாசமாச்சு சார்."

"போன வாரம்கூடக் கேட்டீங்களேம்மா?"

"அது எனக்காகக் கேட்டேன் சார். அதே வியாதி எனக்கும் வந்திருக்கு. இன்னும் மூணு மாசந்தான் பேச்சு இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டார்."

போனை வைத்த தலைவர் நாற்காலியைத் தாடிக்காரன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தாடி, கருவியே இல்லாம, அந்த ஒரு பழைய கணினிக்கு மட்டும் கையாலயே தயார் பண்ண எத்தனை நாளாகும்?"

"நாளா? சாயங்காலத்துக்குள்ள கொடுத்துடுவேன்" என்றான் தாடி. "முதல்லயே கேட்டிருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேனே."