பொன்னாத்தாள் வாங்கிய ஸ்பேனர் செட்

“வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கலாமுங்களே அம்மணி. இதெல்லாம் பொம்பளைங்க பார்த்து வாங்குற சாமானா?”

கோவிந்தராஜுலு சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் எழுபத்தாறில் அவர் தொடங்கிய டூல்ஸ் கடைக்கு, வருகிற தீபாவளியோடு பதினெட்டு வருஷம். கல்லாவுக்கு எதிரே நின்ற பொன்னாத்தாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நூல் சேலை, கையில் ஒரு மஞ்சப்பை.

“அவரு தவறிப் பன்னெண்டு வருசமாச்சுங்க. துடியலூர்ல ஊட்டோட மாவு மில்லு வெச்சிருக்கறனுங்க. நல்லதா ஒரு ஸ்பேனர் செட்டு வேணும். ஒரு கட்டிங் பிளேயரும் வேணுமுங்க.”

கோவிந்தராஜுலு கண்ணாடி மாதிரி மின்னும் ஒரு செட்டை எடுத்து வைத்தார். வீட்டு உபயோகத்துக்கு என்று வருகிறவர்கள் அந்தப் பளபளப்பிலேயே மயங்கிவிடுவார்கள். ஆறு மாதத்தில் வாய் விரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். சொல்வதில்லை.

பொன்னாத்தாள் பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்தாள். ஸ்பேனரை அதில் மாட்டி லேசாக அசைத்துப் பார்த்தாள்.

“ஆடுதுங்க.”

“கொஞ்சம் ஆடத்தானுங்க செய்யும்.”

“இம்புட்டு ஆடக்கூடாதுங்க. போல்ட்டு மூலையெல்லாம் மழுங்கிப்போயிரும்.”

வலது கையைத் திருப்பிக் காட்டினாள். விரல் முட்டிகளில் வரிசையாக வெள்ளைத் தழும்புகள்.

“இப்படி ஒண்ணை வாங்கித்தானுங்க பட்டேன். ஸ்பேனரு வழுக்கிக் கை போய் இரும்புல மோதிருச்சு. ஒரு மாசம் சோறு பிசைய முடியலை.”

அவர் அந்த செட்டை உள்ளே வைத்தார். மேல் தட்டிலிருந்து வேறொன்றை இறக்கினார். மினுக்கம் இல்லை. சாம்பல் நிறத்தில் கனமாக இருந்தது.

போல்ட் இதில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதோடு அவள் விடவில்லை. கடை நூல்கண்டிலிருந்து ஒரு முழம் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு ஸ்பேனராக நூலில் கட்டித் தொங்கவிட்டு, போல்ட்டால் மெல்லத் தட்டினாள்.

கணீர் என்றது. அடுத்ததும் கணீர். ஆறாவது மட்டும் டொக்கென்று அடங்கிவிட்டது.

“இதை மாத்திக் குடுங்க.”

கோவிந்தராஜுலு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கழுத்தில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். இத்தனை வருஷத்தில் லட்சம் ஸ்பேனர் அவர் கை வழியே போயிருக்கும். ஒன்றைக்கூட அவர் காது கொடுத்துக் கேட்டதில்லை.

கட்டிங் பிளேயரை மூடி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். வெட்டும் வாயில் வெளிச்சம் கசிந்த இரண்டைத் தள்ளிவைத்தாள். மூன்றாவதில் கசியவில்லை. நெற்றியோரம் ஒரு முடியைப் பிடுங்கி அதற்குள் கொடுத்து அழுத்தினாள். முடி இரண்டாகி விழுந்தது.

கடையில் நின்றவர்கள் அவள் கையையே பார்த்தார்கள். ஒருவர் தான் வாங்கிய பிளேயரைப் பொட்டலத்திலிருந்து எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

கோவிந்தராஜுலு எழுந்து தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க அம்மணி. உங்களைப் போய் என்னவோ கேட்டுப்போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. மில்லு ரிப்பேரெல்லாம் நீங்களேதான் பார்க்கறீங்களா?”

“பின்ன யாருங்க பார்ப்பா? ஆனா இது எனக்கில்லீங்க. எனக்கு இருக்கற பழசே போதும். பில்லுல திருமூர்த்தின்னு போடுங்க.”

“பையனுங்களா?”

“இல்லீங்க. மெக்கானிக்கு. அவன் வேலைக்கு முன்னால நானெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க.”

அதுவரை அளந்து அளந்து பேசியவளின் குரலே மாறிவிட்டது.

“போன வாரம் எங்க மில்லு மோட்டாரைக் கழட்டுனான். கையில தேஞ்சுபோன ஒரே ஸ்பேனருங்க. அதுவும் சைஸு சேரலை. நடுவுல தகரத்தை மடிச்சுச் சொருகிக்கிட்டான். ஒரு போல்ட்டுகூட மழுங்கலை. பெல்ட்டு ஓடற புல்லியை எல்லாரும் சுத்தியல்ல அடிச்சு ஒடைச்சுப்போடுவாங்க. அவன் ரெண்டு பக்கமும் மரத்துண்டு குடுத்து, தூங்கற கொழந்தையத் தூக்கறாப்பல எடுத்தான். போல்ட்டு, வாசரெல்லாம் கழட்டுன வரிசை மாறாம கொட்டாங்குச்சில போட்டு வெச்சான். நான் கதவோரமா நின்னு பார்த்துட்டே இருந்தனுங்க. வாயைத் தொறக்கவே தோணலை.”

கோவிந்தராஜுலு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்பேர்ப்பட்ட ஆளை எங்கீங்க தேடிப் புடிச்சீங்க? அட்ரஸ் சொல்லுங்க. நம்ம கடைக்கு வர்றவங்களுக்கும் சொல்லிவிடலாம்.”

பொன்னாத்தாள் ஸ்பேனர்களைச் சின்னதிலிருந்து பெரியதுவரை அடுக்கி மஞ்சப்பையில் வைத்தாள்.

“நான் எங்கீங்க தேடுனேன்? அவன் மோட்டாரைத் திருட வந்தவனுங்க. மறுபடியும் மாட்டுடான்னேன். கழட்டும்போது நடுங்காத கை மாட்டும்போதுதான் நடுங்குச்சு. நாளையில இருந்து நம்ம மில்லுல வேலைக்கு வாரான். வெறுங்கையோட வான்னு சொல்ல முடியுங்களா?”