எந்தக் கால்

“அந்தக் கடைசி மேட்டுல என்னக்கா நெனச்சீங்க?”

“இட்லியத்தான்.”

கேட்ட தனேஷ் சிரித்ததில் அவன் தேநீர் சிந்தியது. மேசையைச் சுற்றியிருந்த மற்ற ஓட்டக்காரர்களும் சிரித்தார்கள். முகுந்தன் தன் மனைவி அமுதவள்ளியின் கழுத்தில் தொங்கிய பதக்கத்தைப் பார்த்தபடி சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தான்.

இட்லி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாருக்கும் அவளைப் பிடித்துவிடுகிறது.

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை முழுவதும் நீலச் சட்டைகள். மாரத்தானை ஓடி முடித்தவர்களுக்கு மட்டும் முடிவுக்கோட்டில் கொடுக்கும் சட்டை அது. வாங்கிய இடத்திலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முகுந்தன் மட்டும் விடியற்காலையில் போட்டுவந்த பனியனிலேயே இருந்தான். முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

“கிராம்ப் வந்து காலு இழுத்துக்கிட்டா யாராலயும் ஒன்னும் செய்ய முடியாது லா, அண்ணே. அடுத்த வருசம் பாத்துக்கலாம்,” என்றான் தனேஷ். பிறகு அவள் பக்கம் திரும்பினான். “அக்கா, ஓடுறப்ப சாப்புடுற அந்தக் கிழங்க எப்படி அவிக்கிறீங்க? எனக்கும் சொல்லுங்க லா.”

போன வருடம் வரை இதையெல்லாம் முகுந்தனிடம்தான் கேட்பார்கள்.

ஓட்டம் அவனுடையதாக இருந்தது. காப்பார் சாலையில், செம்பனை மரங்களுக்கு நடுவே, மின்நிலையத்தின் புகைபோக்கிகள் இருட்டிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும் நேரத்தில் அவன் தனியாக ஓடுவான். உலகத்தில் வேறு யாரையும் இன்னும் படைக்கவில்லை என்பதுபோல இருக்கும். ஒருநாள், நானும் வரட்டுமா என்று அவள் கேட்டாள். தேய்ந்துபோன காலணியோடு வந்தாள்.

எப்படி மூச்சு விடுவது, தாகம் எடுப்பதற்கு முன்பே ஏன் தண்ணீர் குடிக்க வேண்டும், நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய நாள் ஏன் கூடுதலாகச் சோறு சாப்பிட வேண்டும், எல்லாம் அவன் சொல்லிக்கொடுத்ததுதான்.

அவன் ஓட்டக்காரர்களுக்கென்று விற்கும் ஜெல்லைப் பிதுக்கி விழுங்கினான். அவள் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கில் உப்பைத் தூவி, துண்டில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவனுக்கு வயிற்றைப் புரட்டியது. அவளுக்குப் புரட்டவில்லை.

ஒரே ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும்.

ஆரம்பத்தில் நின்றதெல்லாம் அவள்தான். அவன் இடுப்பில் கைவைத்துக் காத்திருப்பான். அப்படிக் காத்திருக்கும்போது தான் மிகவும் நல்லவன் என்று அவனுக்குத் தோன்றும்.

சில மாதங்களாக அவள் நிற்பதில்லை. மதியத்துக்கு மீனா கோழியா என்று ஓடிக்கொண்டே கேட்பாள். பதில் சொல்ல மூச்சு இல்லாமல் அவன் தலையை மட்டும் ஆட்டுவான்.

இன்று காலை முப்பதாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் அவன் காலைப் பிடித்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்தான். அவளும் நின்றாள். அவன் காலைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள், கொஞ்ச நேரம்.

“நீங்க பஸ்ல வந்துருங்க,” என்றாள்.

பின்தங்கியவர்களை அள்ளிக்கொண்டு வரும் பேருந்தின் சன்னல் வழியே அவளை இன்னொரு முறை கண்டான். தான் பக்கத்தில் இல்லாமல் அவள் ஓடுவதை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. அழகாக இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

சாப்பிட்டு முடித்து, வீடு திரும்பக் கிள்ளான் ரயிலுக்குப் போனார்கள். நிலையத்தின் படிகளில் அவள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, நண்டைப் போலப் பக்கவாட்டில் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் “அம்மாடி” என்றாள். அவன் முன்னாலேயே இறங்கிக் கீழே காத்திருந்தான்.

நடைமேடை பெஞ்சில் அவனை உட்காரவைத்துவிட்டு, பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்தாள். அவள் முழங்கால்கள் மடங்க மறுத்தன. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். செருப்பில் தெரிந்த பெருவிரல் நகம் கன்றிக் கறுத்துப்போயிருந்தது.

“நீட்டுங்க.”

அவன் காலை நீட்டினான். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குனிந்தபோது பதக்கம் அவன் முழங்காலில் பட்டது. சில்லென்றிருந்தது. தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்தவள், அப்படியே நிறுத்தினாள்.

“அங்க வலது காலத்தான புடிச்சீங்க?”

மடியில் இருந்தது இடது கால்.

அவன் அதை இழுத்துக்கொண்டு வலது காலை நீட்டினான். அவள் அதையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு கால்களும் ஒன்றுபோல வலியில்லாமல்தான் இருந்தன. முப்பதாவது கிலோமீட்டரிலும் அப்படித்தான் இருந்தன. தான் உட்கார்ந்தால், விதிப்படி அவளும் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்திருந்தான்.

கிள்ளான் ரயில் வருவதாக அறிவித்தார்கள். சுற்றியிருந்தவர்கள் எழுந்து மஞ்சள் கோட்டை நோக்கி நகர்ந்தார்கள். அவள் எழவில்லை. தைலக் கையை அவனுடைய கெண்டைக்காலுக்கு மேலே, தொடாமல் பிடித்தபடி, அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“எந்த எடத்துல வலிக்குதுன்னு விரல வச்சுக் காட்டுங்க.”