இருபத்தேழு நாள் கோளாறு

“யாரோ வேணும்னே கடிகாரத்துல கை வைக்கிறாங்க தம்பி. யாருன்னு பேரோட ரிப்போர்ட் குடுங்க. இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்” என்றார் மேலாளர் புகழேந்தி.

நீடாமங்கலத்தின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் கடிகாரம், கேமரா, கைரேகை மெஷின் எல்லாமே ஒரே சர்வரிடம் மணி கேட்டு ஓடுபவை. பிரசவ வார்டுக் கடிகாரம் மட்டும் என்றைக்காவது பத்து, இருபது நிமிஷம் முந்திக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடும். இன்றைக்கும் முந்தியிருந்தது.

நெட்வொர்க் பார்க்க வந்த இளவழகன் பழைய பதிவுகளை லேப்டாப்பில் இறக்கினான். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒயரைப் பிடுங்கி, மணியை முன்னே தள்ளி, மறுபடி சொருகியிருக்கிறார்கள். அதுவும் இருபத்தேழு நாள் இடைவெளியில். இல்லாவிட்டால் ஐம்பத்தைந்து. இல்லாவிட்டால் எண்பத்திரண்டு.

மண்டையைப் பிய்த்துக்கொண்டான். கணக்காக இருபத்தேழு நாள் பார்த்து வருவதற்குக் கடிகாரத்துக்கு என்ன பஞ்சாங்கமா தெரியும்?

அலுத்துப்போய் நிமிர்ந்தான். நர்ஸ் அறைச் சுவரில் தினசரி காலண்டர். இன்றைய தாளில் பேனாவால் ஒரு வட்டம். ‘ஆயில்யம், மாலை 4.12 வரை.’

“சிஸ்டர், இது உங்க வேலையா?”

தலைமை நர்ஸ் ஷமீரா மறைக்கவில்லை. “ஆமா தம்பி.”

“உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் நட்சத்திரமெல்லாம்?”

“எனக்கெதுக்கு? வெளியில நிக்கிறவங்களுக்கு. கோயில்வெண்ணிப் பொண்ணு ஒண்ணு, ஆயில்யம் முடிய ஆறு நிமிஷம் இருக்கறப்ப பொம்பளப் புள்ள பெத்தா. போற வீட்ல மாமியாருக்கு ஆகாது, இதைக் கரையேத்த முடியாதுன்னு புருஷன் வீட்ல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. பச்ச உடம்போட தனியா பஸ் ஏறிப் போனா. ஆறே நிமிஷம் தம்பி! அதைத் தாண்டிட்டா மகம். மகம்னா தலையில வெச்சுக் கொண்டாடறாங்க. சரி, அந்த ஆறு நிமிஷத்தை இனிமே நாமளே குடுத்துடுவோம்னு முடிவு பண்ணினேன்.”

“மருந்து குடுக்கற நேரமெல்லாம் தப்பாயிடாதா?”

“அதெல்லாம் என் கைவாட்ச்சைப் பாத்துத்தான். அரை நிமிஷம் பிசகாது.”

இளவழகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இந்தக் காலத்துலயும் இப்படி இருக்காங்களே! நாலு வார்த்த நறுக்குனு கேக்கறத விட்டுட்டு, நீங்களும் சேந்து ஆடறீங்க. தப்புதான் சிஸ்டர். பேரை எழுதித்தான் ஆகணும்.”

“எழுதுங்க. இருபத்திரண்டு வருஷம் வேலை பாத்தாச்சு, போதும்” என்றார் ஷமீரா.

‘ஷமீரா, தலைமை நர்ஸ்’ என்று அடித்தான். முதன்முதலில் எப்போது நடந்தது என்று எழுத வேண்டுமே. பதிவுகளை அடிவரைக்கும் உருட்டினான்.

ஆறு வருஷத்துக்கு முன், ஆகஸ்ட் 29. பதினோரு நிமிஷம்.

விரல் அப்படியே நின்றுவிட்டது. அவன் மகள் தமிழ்நிலா பிறந்த நாள். இதே வார்டு. வீட்டில் அவளுக்குப் பேரே ‘மகத்து மகாராணி’.

அடித்த பேரை அழித்தான். ‘ஒயர் லூஸ். மாற்றியாயிற்று’ என்று எழுதி மேலாளருக்கு அனுப்பினான். கண் கலங்கியிருந்தது.

“எங்க அம்மாவுக்குப் பயந்துதானே சிஸ்டர், அன்னிக்கு…?”

“அவங்க பாவம், தாயும் புள்ளையும் நல்லாருக்காங்களான்னு மட்டுந்தான் கேட்டாங்க” என்றார் ஷமீரா. “கையில போனை வெச்சுக்கிட்டு, ‘ஆயில்யம் முடிஞ்சப்புறம்தானே பொறந்துச்சு’ன்னு கதவைத் தட்டித் தட்டிக் கேட்டது நீங்கதான் தம்பி.”